அகலக் கால் வைத்தல்

‘அகலக் கால் வைக்காதே’ என்பது நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் புத்திமதிகளில் மிகப் பழையது. தோட்டத்து லயத்திலும் பட்டணத்துக் கடைவீதியிலும் இதனைக் கேளாது வளர்ந்த தமிழர் இரார். புதுத் தொழில் தொடங்க நினைத்தவனுக்கும், மகளை மேற்படிப்புக்கு வெளியூர் அனுப்பக் கருதியவனுக்கும், மேலாளரிடம் நியாயம் கேட்கத் துணிந்தவனுக்கும் பெரியோர் வழங்கிய தீர்ப்பு இவ்வொன்றேயாம். இப்புத்திமதியில் உண்மையே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. ஆயின் இது பாதி உண்மை. காலை எவ்வளவு அகலமாக வைக்கலாம், எப்பொழுது வைக்கலாம், வைத்த காலை எவ்வாறு மீட்கலாம் என்பவற்றைக் கற்பியாது, வைக்காதே என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், பிள்ளையைக் காப்பதாக எண்ணிக்கொண்டு அதனைக் கட்டிப் போட்டவர்களாவோம்.

இதனை ஆராய்வதற்கு ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அஃது அமெரிக்கருடையது, பேஸ்பால் என்பது பெயர். விளையாட்டுக்கும் இலக்கியப் பகுதிக்கும் என்ன உறவு என்று சிலர் வினவக்கூடும். ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிக்கிறது என்பது பாடப் புத்தகத்தைக் காட்டிலும் விளையாட்டுத் திடலில் தெளிவாகப் புலப்படும் என்பதே நம் விடை.

ஆட்டத்தை அறியாதாருக்கு அதன் அமைப்பைச் சுருங்கச் சொல்வோம். சதுரமொன்றின் நான்கு மூலைகளிலும் நான்கு தளங்கள் உள. மட்டையால் பந்தை அடித்தவன் முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் ஆகியவற்றை முறையே தொட்டு, தான் புறப்பட்ட மூலையை மீண்டும் அடைந்தால் ஓர் ஓட்டம் கணக்காகும். அந்த நான்காம் மூலையை அவர்கள் ‘ஹோம்’, அதாவது வீடு என்றே அழைக்கின்றனர். பெரியோர் ஆட்டத்தில் ஒரு தளத்துக்கும் மறு தளத்துக்கும் இடைத்தூரம் 90 அடி. அடுத்த பந்து எறியப்படுவதற்காகக் காத்திருக்கும் வேளையில், தளத்தின் மீது காலூன்றி நிற்பவனை எவரும் ஒன்றும் செய்துவிட முடியாது. தளத்தை விட்டு விலகிய கணமே, பந்தைக் கையில் உடையவன் அவனைத் தொட்டுவிட்டால் அவன் ஆட்டமிழந்தவனாவான்.

அப்படியாயின், பந்து அடிக்கப்படும் வரை தளத்தின் மேலேயே நிற்கலாமன்றோ என்று கேட்கத் தோன்றும். நிற்கலாம், தடை இல்லை. ஆனால் அவ்வாறு நிற்பவன் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்பான். ஆதலின் ஆட்டத்தில் தேர்ந்தவன், பந்தெறிபவர் ஆயத்தமாகும்போதே தளத்தை விட்டுச் சில அடிகள் அடுத்த தளத்தின் பக்கமாகப் பெயர்ந்து நிற்கிறான். இப்பெயர்ச்சியை ‘லீட்’ என்பர். தக்க தருணம் வாய்த்ததும், பந்து அடிக்கப்படுவதற்கும் காத்திராமல், ஒரே ஓட்டமாக ஓடி அடுத்த தளத்தைக் கைப்பற்றுகிறான். இதற்குத் தளத் திருட்டு என்று பெயர். விதி அனுமதித்த திருட்டு. மலேசிய, சிங்கப்பூர்ப் பள்ளிகளில் ஆடப்படும் சாஃப்ட்பால் இவ்வாட்டத்தின் உடன்பிறப்பு. அதில் பந்து எறிபவர் கையை விட்டு நீங்கும் வரை ஓடுபவர் தளத்தை விட்டு அசைதல் கூடாது. பேஸ்பாலில் பெரியோர்க்கு அத்தடை இல்லை. நம் சடுகுடுவில் பாடிச் செல்பவன் கோட்டைத் தாண்டினாலன்றிப் புள்ளி இல்லை, மீண்டு வந்தாலன்றி உயிர் இல்லை என்பதை அறிந்தோர்க்கு இதன் சுவையை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

பார்ப்பதற்கு இது வெறுந்துணிச்சல் போலத் தோன்றும். ஆனால் வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்தாரன்றோ? அம்மூன்றும் அறியாதவன் இவ்வாட்டத்தில் ஓரடியும் பெயர்தல் இயலாது.

முதலாவது, வலி. ஓடுபவன் தன் வலியையும் மாற்றான் வலியையும் விநாடிக் கணக்கில் அறிந்திருத்தல் வேண்டும். பெரியோர் ஆட்டத்தில், எறிபவர் அசையத் தொடங்கியது முதல் பந்து பின்னால் அமர்ந்திருக்கும் பிடிப்பாளரின் கையுறையை அடைய ஏறத்தாழ 1.3 விநாடி செல்லும். பிடிப்பாளர் அதனை வாங்கி, 127 அடிக்குச் சற்று அதிகமான தொலைவிலுள்ள இரண்டாம் தளத்துக்கு எறிய ஏறத்தாழ 2 விநாடி செல்லும். ஆக மொத்தம் 3.3 விநாடி. நின்ற நிலையிலிருந்து 90 அடியை இந்நேரத்துக்குள் கடப்பவர் அரியர். முன்னரே பத்துப் பன்னிரண்டடி பெயர்ந்து நின்றவனுக்கு எஞ்சியிருப்பதோ ஏறத்தாழ 80 அடிதான். அந்தப் பத்தடியில்தான் அவன் வாழ்வும் சாவும் அடங்கியிருக்கின்றன.

கால் வேகம் ஒன்றே போதும் என்று கருதுவோர்க்கு 1974-ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று நல்ல பாடமாகும். ஓக்லந்து நகரத்து அணியினர், ஹெர்ப் வாஷிங்டன் என்னும் புகழ்பெற்ற குறுந்தூர ஓட்டவீரரை ஓடுவதற்காக மட்டுமே வேலைக்கு அமர்த்தினர். மட்டை பிடிப்பது அவர் வேலையன்று. பந்து பிடிப்பதும் அன்று. 105 ஆட்டங்களில் இறங்கிய அவர் 48 முறை திருட முயன்று 31 முறையே வென்றார். அவ்வாண்டின் இறுதிப் போட்டித் தொடரிலே, இரண்டாம் ஆட்டத்தின் கடைசிப் பகுதியில், அவரை முதல் தளத்தில் ஓடுபவராக நிறுத்தினர். எறிபவராகிய மைக் மார்ஷல் சட்டெனத் திரும்பி முதல் தளத்துக்குப் பந்தை எறிந்தார்; வாஷிங்டன் மீள்வதற்குள் தொடப்பட்டார். திடலில் இருந்தோரில் அவரினும் வேகமாக ஓடக்கூடியவர் எவரும் இல்லை. ஆனால் எறிபவரின் தோளையும் குதிகாலையும் படிக்கும் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை.

இரண்டாவது, காலம். 2004-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் பாஸ்டன் அணி நியூயார்க்கு அணியிடம் தொடர்ந்து மூன்று ஆட்டங்களைத் தோற்று, நான்காவதிலும் ஓர் ஓட்டம் பின்தங்கி, கடைசிப் பகுதியை எட்டிவிட்டது. இன்னும் மூவர் ஆட்டமிழந்தால் எல்லாம் முடிந்தது. அவ்வேளையில் டேவ் ராபர்ட்ஸ் என்பவர் வேறொருவருக்கு மாற்றாக முதல் தளத்தில் வந்து நின்றார். அவர் திருடுவதற்காகவே வந்திருக்கிறார் என்பது அரங்கில் இருந்த அனைவருக்கும் தெரியும். எறிபவர் மரியானோ ரிவேரா மூன்று முறை முதல் தளத்துக்குப் பந்தை எறிந்து அவரை அச்சுறுத்தினார். மூன்று முறையும் மீண்டு வந்த ராபர்ட்ஸ், நான்காம் முறை ரிவேரா மட்டையாளரை நோக்கி எறியத் தொடங்கியதும் பாய்ந்து இரண்டாம் தளத்தை மயிரிழையில் அடைந்தார். அடுத்து அடிக்கப்பட்ட பந்தில் வீடு சேர்ந்தார். ஆட்டம் சமமாயிற்று; பின் பாஸ்டன் வென்றது; அத்தொடரையும் வென்று, 1918-க்குப் பின் கிட்டாதிருந்த பட்டத்தையும் பெற்றது. மூன்று முறை திரும்பி வரப் பொறுமை இருந்தமையாலன்றோ நான்காம் முறை அவரால் போக முடிந்தது!

மூன்றாவது, இடம். எறிபவர் இடக்கையரானால் அவர் முகம் முதல் தளத்தை நோக்கியே இருக்கும். அப்பொழுது அடியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பெயரும்போது ஒரு காலை மற்றொரு காலுக்குக் குறுக்கே வைத்தல் ஆகாது. பக்கவாட்டில் நகர்தல் வேண்டும். உடலின் பாரம் இரு காலிலும் சமமாக இருத்தல் வேண்டும். ஓரடி வைத்துப் பாய்ந்தால் கை தளத்தைத் தொடுமளவே விலகலாம் என்பது பயிற்றுநர் சொல்லிக் கொடுக்கும் அளவு. அதற்கு மேல் விலகியவன் இரு தளங்களுக்கும் இடையே இருதலைக் கொள்ளி எறும்பாவான். மேலும், எந்த நிலைமையில் எந்தத் தளத்துக்கு ஓடுவது என்பதும் கணக்கே. மூன்று பேர் ஆட்டமிழந்தால் அணியின் முறை முடியும். ஆகவே மூன்றாம் தளத்துக்கு ஓடும்போது முதல் ஆளாகவும் ஆட்டமிழக்கலாகாது, மூன்றாம் ஆளாகவும் ஆட்டமிழக்கலாகாது என்பது அவர்களிடையே வழங்கும் பழைய விதி. இழப்பதற்கு அங்கே மிகுதி உண்டு, பெறுவதற்குக் குறைவு.

நிற்க. பிள்ளைகளுக்கு வருவோம். அமெரிக்கப் பிள்ளைகள் ஆடும் பேஸ்பால் அமைப்புகளில் பெயர்பெற்றது ‘லிட்டில் லீக்’. 1939-ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்து வில்லியம்ஸ்போர்ட் ஊரில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் மூன்று அணிகளைக் கொண்டு இதைத் தொடங்கினார். இதன் சிறுவர் பிரிவில் தளங்களின் இடைத்தூரம் 60 அடி. எறியும் தூரம் 46 அடி. எறியப்பட்ட பந்து மட்டையாளரைச் சென்றடையும் வரை, ஓடும் பிள்ளை தளத்தை விட்டு விலகக் கூடாது என்பது இங்கே விதி. அடுத்த தளத்தை நோக்கித் தலை முன்னாகப் பாய்ந்து சறுக்குவதும் தடுக்கப்பட்டுள்ளது. அவ்வாறு செய்தால் ஆட்டமிழப்பு.

காரணம் வெளிப்படை. இடைத்தூரம் குறைவு, பிடிக்கும் பிள்ளையின் தோளோ இன்னும் முற்றவில்லை. பத்து வயதுப் பிள்ளையின் எறி இரண்டாம் தளத்தை அடையுமுன் ஓடும் பிள்ளை அங்கே நின்று புழுதியைத் தட்டிக்கொண்டிருக்கும். முன்கூட்டிப் பெயரவும் அனுமதித்தால் ஒவ்வோர் எறிக்கும் ஒரு தளம் பறிபோகும். எறிபவனும் பிடிப்பவனும் அழுதுகொண்டு வீடு திரும்புவர். ஆதலின் முதலில் தடுத்து வைத்து, பின்னர் சற்று மூத்தோர்க்கென 70 அடித் தளமும் 50 அடி எறிதூரமும் கொண்ட இடைப் பிரிவில் முன்பெயர்தலை அனுமதித்து, இறுதியில் 90 அடிக்குக் கொண்டு செல்கின்றனர். வேறு சில அமைப்புகள் இத்தடையை இன்னும் இளவயதிலேயே நீக்கி விடுகின்றன. எது மேல் என்பது குறித்துப் பெற்றோரிடையே வாதம் ஓய்ந்தபாடில்லை. தாமதமாகக் கற்ற பிள்ளை பெரிய திடலில் திகைக்கும் என்பார் ஒரு சாரார். முந்திக் கற்ற பிள்ளை பந்தெறியவும் பிடிக்கவும் கற்காமல் ஓட்டத்திலேயே காலங்கழிக்கும் என்பார் மறு சாரார்.

நம் அபிப்பிராயம் இது: வேலி இருப்பதில் தீங்கில்லை, அவ்வேலி பிள்ளையோடு சேர்ந்து வளர வேண்டும். பத்து வயதில் தளத்தில் நிறுத்தி வைத்த விதி பதின்மூன்று வயதில் விலகி வழிவிடுகிறது. நம் வீடுகளில் இடப்படும் வேலியோ பெரும்பாலும் அவ்வாறு விலகுவதில்லை. ஐந்து வயதில் ‘கிணற்றடிக்குப் போகாதே’ என்று தொடங்கியது, இருபத்தைந்து வயதில் ‘வெளியூர் வேலைக்குப் போகாதே’ என்று தொடர்கிறது. முதல் வாக்கியத்தைச் சொன்னது அன்பு. இரண்டாம் வாக்கியத்தைச் சொல்வதும் அன்புதான். ஆனால் பிள்ளை வளர்ந்துவிட்டதைக் காணாத அன்பு.

இன்னொன்றையும் இங்கே கருத வேண்டும். முனைந்து ஓடு என்று பிள்ளைகளை ஊக்குவதிலே ஒரு தீமையும் கலந்து விடுகிறது. பதினைந்து ஓட்டம் முந்தி நிற்கும் அணியின் பயிற்றுநர், எதிரணியின் பிடிப்பாளச் சிறுவன் கை நடுங்கிப் பந்தைத் தவற விடுகிறான் என்பதைக் கண்டு, ஒவ்வொரு முறையும் தம் பிள்ளைகளைத் திருட ஏவுவாரேயானால், அதற்கு வீரம் என்று பெயரில்லை. தன்னை எதிர்க்கக் கூடியவன் முன் அடி பெயர்வதே துணிவு. எதிர்க்க இயலாதவனை ஓட ஓட விரட்டுவது கொடுமை. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். பிள்ளைக்கு வேறுபாட்டை எடுத்துச் சொல்ல வேண்டியவர் பெரியவர். அவரே வெற்றி மயக்கத்தில் இருந்தால் பிள்ளை எதைக் கற்கும்?

அதனினும் பெரிய தீங்கு, ஓடிப் பிடிபட்ட பிள்ளையைப் பலர் முன் வைது அவமானப்படுத்துவது. கணக்கறிந்தோர் சொல்வது யாதெனில், பத்து முயற்சிகளில் ஏழுக்கு மேல் வென்றால்தான் திருட்டு அணிக்கு ஊதியம் தரும். அப்படியானால், மிக நன்றாக ஆடுபவனும் பத்துக்கு இரண்டு மூன்று முறை பிடிபடவே செய்வான் என்பது பெறப்படுகிறதன்றோ? இவ்வாட்டத்தின் வரலாற்றிலேயே மிகுதியாகத் தளம் திருடியவர் ரிக்கி ஹெண்டர்சன். 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் காலமான அவர் மொத்தம் 1,406 தளங்களைத் திருடினார். 1982-ஆம் ஆண்டில் மட்டும் 130. அதே ஆண்டில் அவர் 42 முறை பிடிபட்டார்; வாழ்நாளில் 335 முறை. பிடிபட்டபோதெல்லாம் ஒருவர் நின்று வைதிருப்பாரேயானால் ஹெண்டர்சன் என்றொருவர் உண்டாகியிருப்பாரா? ஒரு முறை பிடிபட்டு, அதற்காக வசை கேட்ட பிள்ளை, அடுத்த முறை தளத்தை விட்டு அசையாது. பார்ப்பவர் அதை அடக்கம் என்று மெச்சுவர். உள்ளே இருப்பது அச்சம். நம்மிடையே தேர்வில் ஒரு முறை தோற்ற மாணவனுக்கும், கடை வைத்து ஒரு முறை நட்டப்பட்ட இளைஞனுக்கும் நேர்வது இதுவே. ‘அன்றைக்கே சொன்னேன் பார்’ என்னும் மூன்று சொற்கள் நம் சமூகத்தில் எத்தனை கால்களை முடமாக்கியிருக்கின்றன!

எப்படி விழுந்தாய் என்று கேட்பது வேறு. ஏன் போனாய் என்று கேட்பது வேறு. முதற்கேள்வி பிள்ளையைத் திருத்தும். எறிபவரின் எந்த அசைவைக் கண்டு புறப்பட்டாய், எத்தனை அடி விலகியிருந்தாய், உன் பாரம் எந்தக் காலில் இருந்தது என்று அமைதியாகக் கேட்டால், பிள்ளை தானே தன் பிழையைக் கண்டுகொள்ளும். இரண்டாம் கேள்வி பிள்ளையை ஒடுக்கும். நல்ல பயிற்றுநர் முதற்கேள்வியை மட்டுமே கேட்பர்.

இஃதிவ்வாறிருக்க, துணிவு என்பது தனி மனிதனின் நெஞ்சை மட்டும் பொறுத்ததன்று. 2023-ஆம் ஆண்டு அமெரிக்கப் பெரிய அணிகளின் சங்கம் சில விதிகளை மாற்றியது. ஒரு மட்டையாளர் நிற்கும்போது எறிபவர் ஓடுபவரை மடக்க இரண்டு முறைக்கு மேல் முயன்று, மூன்றாம் முறையும் அவரை வீழ்த்தாவிட்டால், ஓடுபவருக்கு ஒரு தளம் இலவசம். தளத்தின் பக்க அளவும் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாயிற்று. விளைவு? 2022-இல் 2,486 ஆக இருந்த திருட்டுகள் 2023-இல் 3,503 ஆயின. ஓராண்டில் ஆயிரம் கூடிற்று. ஓட்டக்காரரின் கால்களும் நெஞ்சமும் அந்த ஓராண்டுக்குள் வேறாகிவிட்டனவா? இல்லை. விதி மாறியது, மனிதர் எழுந்தனர். ஒரு கூட்டத்தார் முன்னேறவில்லை என்றால் அவர்களுக்கு ஊக்கமில்லை, பிறவியிலேயே கோழைகள் என்று பழி சொல்வோர், அவர்களைச் சூழ்ந்திருக்கும் விதி எத்தகையது என்று முதலில் பார்த்தல் வேண்டும்.

அந்த நாட்டிலேயே அதற்குச் சான்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, எழுதப்படாத ஒரு கட்டுப்பாட்டின் பேரால், கறுப்பு நிறத்தார் பெரிய அணிகளில் ஆட விடப்படவில்லை. அவர்கள் தமக்கெனத் தனிச் சங்கங்கள் அமைத்து ஆடினர். அங்கே ‘கூல் பாப்பா’ பெல் என்றொருவர் இருந்தார். அவர் விளக்கை அணைத்தால் அறை இருள்வதற்குள் படுக்கையில் இருப்பார் என்று அவர் தோழர் வேடிக்கையாகச் சொல்வர். அவ்வளவு விரைந்த கால்களுக்குப் பெரிய திடலில் இடமில்லை. அச்சங்கங்களும் பெரிய சங்கங்களே என்று 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒப்புக்கொண்டனர். பெல் இறந்ததோ 1991-இல்.

அக்கட்டுப்பாட்டை உடைத்தவர் ஜாக்கி ராபின்சன். 1919-இல் ஜார்ஜியா மாநிலத்தில், பிறர் தோட்டத்தில் வாரத்துக்கு உழுத குடும்பத்தில் பிறந்தவர். படையில் பணியாற்றுகையில் பேருந்தின் பின்பகுதிக்குப் போக மறுத்ததன் தொடர்பாக 1944-இல் படை நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு விடுதலையானவர். 1947-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் புரூக்ளின் அணிக்காகத் திடலில் இறங்கினார். வசைக்கு வசை திருப்பலாகாது, கைக்குக் கை ஓங்கலாகாது என்பது அவரை அழைத்து வந்த பிராஞ்சு ரிக்கி அவரிடம் பெற்றிருந்த வாக்குறுதி. வாயும் கையும் கட்டப்பட்ட நிலையில் அவர் கால்களால் விடை சொன்னார். தளத்தை விட்டுப் பெயர்ந்து, முன்னே இரண்டடி, பின்னே ஓரடி என்று ஆட்டங்காட்டி எறிபவரைக் கலங்கடிப்பார். முதலாண்டிலேயே 29 தளங்களைத் திருடித் தம் சங்கத்தில் முதலிடம் பெற்றார். எல்லாவற்றிலும் கடினமானது மூன்றாம் தளத்திலிருந்து வீட்டையே திருடுவது. பந்து சென்று சேரும் இடமே அதுவன்றோ! அதனை அவர் 19 முறை செய்தார். 1955-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள், 36 வயதில், இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் அவ்வாறு பாய்ந்தார். நடுவர் தக்கது என்றார். பிடிப்பாளராகிய யோகி பெர்ரா தாம் தொட்டுவிட்டதாகவே சாதித்து வந்தார்.

அதே 1955-இல், அதற்கு ஒரு திங்கள் முன்னர் நிகழ்ந்ததையும் கேளுங்கள். தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் கேனன் வீதி ஒய்.எம்.சி.ஏ. அமைத்த கறுப்புச் சிறுவர் அணியொன்று லிட்டில் லீக் போட்டிக்குப் பதிவு செய்தது. அச்சிறுவரோடு ஆட மனமின்றி வெள்ளைச் சிறுவரின் அணிகளைப் பெரியவர்கள் விலக்கிக் கொண்டனர். நகரிலும் விலகினர், மாநிலத்திலும் விலகினர். எதிர்ப்பார் இல்லாமையால் அவ்வணியே வென்றதாயிற்று. ஆனால் ஆடி வெல்லாதவர் மேலே செல்லலாகாது என்னும் விதியைக் காட்டி அடுத்த கட்டத்துக்கு அவர்களை விடவில்லை. வில்லியம்ஸ்போர்ட்டில் நடந்த இறுதிப் போட்டிக்கு விருந்தினராக மட்டும் அழைத்தனர். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் சீருடை அணிந்து சென்று, திடலில் சிறிது பயிற்சி செய்து காட்டி, பின்னர் இருக்கையில் அமர்ந்து பிறர் ஆடுவதைப் பார்த்துத் திரும்பினர். கூடியிருந்த மக்களில் பலர், அவர்களை ஆட விடுங்கள் என்று கூவினர். கூவியது வீணாயிற்று. 2002-ஆம் ஆண்டில், 47 ஆண்டுகள் கழித்து, மாநில வெற்றிக்குரிய கொடியை அவர்களுக்கு வழங்கினர். அப்பொழுது அவர்கள் அறுபதை அணுகிய முதியவர்கள். கொடியைக் கொடுக்கலாம், பன்னிரண்டாம் வயதின் கால்களை எவர் கொடுக்க முடியும்?

பெண்பிள்ளைகளின் கதையும் வேறன்று. 1972-இல் நியூ ஜெர்சி மாநிலத்து ஹோபோக்கன் ஊரில் மரியா பெப்பே என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுமி மூன்று ஆட்டங்கள் ஆடிய பின் விலக்கப்பட்டாள். வழக்கு நடந்தது. 1974-இல் லிட்டில் லீக் விதியை மாற்றிப் பெண்களுக்கும் வழிவிட்டது. மரியாவுக்கோ அப்பொழுது வயது கடந்துவிட்டது. அவள் திறந்த வாயிலின் வழியே பிறர் பிள்ளைகள் சென்றனர். 2014-இல் மோனே டேவிஸ் என்னும் சிறுமி இறுதிப் போட்டித் தொடரில் பந்தெறிந்து, எதிரணி ஓர் ஓட்டமும் பெறாதவாறு வெற்றி தேடித் தந்தபோது, நாடே எழுந்து நின்று பார்த்தது.

தோழர்களே! நிறத்தின் பேரால் அந்நாட்டார் செய்ததைக் கேட்டு நாம் வெகுள்வது எளிது. சாதியின் பேரால் நம்மவர் செய்ததையும், பெண் என்பதன் பேரால் நம் வீட்டுக்குள் இன்றும் செய்வதையும் எண்ணிப் பார்ப்பது கடினம். பள்ளித் திடலில் மகன் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் மஞ்சள் பூசிச் சிரிக்கிறோம். மகள் அவ்வாறு வந்தால் மறுநாள் முதல் திடலுக்கு அனுப்புவதை நிறுத்துகிறோம். ஓடுவதற்குக் கால்களைத் தவிர வேறொரு தகுதி உண்டென்று எந்த அறிவு சொல்லிற்று?

ஆகவே நாம் வேண்டுவது இது. பிள்ளைகளுக்கு அகலக் கால் வைக்காதே என்று சொல்லுமுன், அவர்களுடைய கால் எவ்வளவு நீளம் என்பதை ஒரு முறை பாருங்கள். இளம்வயதில் வேலி இடுங்கள். வளர வளர அதனைப் பின்னுக்கு நகர்த்துங்கள். வலியும் காலமும் இடமும் அறிந்து பெயரக் கற்றுக் கொடுங்கள். மீண்டு வரும் வழியையும் சேர்த்துக் கற்றுக் கொடுங்கள். எளியவனை விரட்டுவது வீரமன்று என்று சொல்லிக் கொடுங்கள். பிடிபட்டு வந்த நாளில் சோற்றைப் போட்டு, எப்படி என்று மட்டும் கேளுங்கள். மகனுக்குச் செய்வதை மகளுக்கும் செய்யுங்கள்.

அவ்வாட்டத்தில் ஓடுபவன் சென்று சேரும் இடத்துக்கு வீடு என்று பெயர் என மேலே சொன்னோம். நம் மொழியில் அச்சொல்லுக்கு விடுதலை என்றும் பொருள் உண்டு. தளத்தின் மேலேயே நின்றுகொண்டு அதனை அடைந்தவர் எந்த நாட்டிலும் இல்லை.